முந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளி: சேர்க்கைக் கணக்கைப் படிக்கும் முறை

அமெரிக்க நகரம் ஒன்றில் எட்டாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளி தேடும் பெற்றோரும், பள்ளி ஆலோசனைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் முதலில் பார்ப்பது ஒரே பக்கத்தைத்தான். மொத்த மாணவர் எண்ணிக்கை, இனவாரிச் சதவீதங்கள், ஏழ்மைச் சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் பட்டம் பெற்ற மாணவர் விகிதம் எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். இரண்டாயிரம் பேர் படிக்கும் அரசுப் பள்ளி என்றால் அந்த எண்களை ஓரளவு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முந்நூறு பேர் படிக்கும் பள்ளியில் அது நடக்காது. அங்கே ஒரு சதவீதம் என்பது மூன்று பிள்ளைகள். ஒரு குடும்பம் வீடு மாறிப் போனாலே விகிதம் நகரும்.

ஆகவே சின்னப் பள்ளியின் கணக்கைப் பார்க்கும்போது முதல் வேலை, ஒவ்வொரு சதவீதத்தையும் தலைக்கணக்காகத் திருப்பி எழுதுவது. இரண்டாவது வேலை, அந்தத் தலைக்கணக்கில் யார் விடுபட்டார்கள் என்று கேட்பது. கீழே உள்ள முறைகள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும். எளிதாகப் புரிவதற்காக ஒரு கற்பனைப் பள்ளியை வைத்துக்கொள்வோம்: மொத்தம் 312 பேர். ஒன்பதாம் வகுப்பில் 98, பத்தில் 84, பதினொன்றில் 70, பன்னிரண்டில் 60.

சரியான பள்ளியைப் பிடியுங்கள்

கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பல தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. பெரிய நகரங்களில் ஒரே கட்டடத்தில் மூன்று நான்கு பள்ளிகள் தளத்துக்கு ஒன்றாக இயங்கும். நியூயார்க் நகரம் 2002க்குப் பிறகு பெரிய உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றை மூடி, வகுப்புக்குச் சுமார் 100 பேர் என்ற அளவில் சின்னப் பள்ளிகளைத் திறந்தது. அவற்றில் பல அதே பழைய கட்டடங்களுக்குள்ளேயே இருக்கின்றன. முகவரி ஒன்று, பள்ளி வேறு. பழைய பள்ளியின் பெயரைத் தேடினால் மூடப்பட்ட பள்ளியின் எண்கள் வந்து நிற்கும்.

அதனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள், குறியீட்டை வைத்துத் தேடுங்கள். மத்திய அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் 12 இலக்க எண் கொடுத்திருக்கிறது. முதல் 2 இலக்கம் மாநிலம், அடுத்த 5 பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), கடைசி 5 பள்ளி. மாநிலமும் பள்ளிகளுக்குத் தனிக் குறியீடு வைத்திருக்கும். நியூயார்க் நகரத்தில் மாவட்ட எண், பரோவுக்கு (நகரின் ஐந்து பெரும் பிரிவுகளில் ஒன்று) ஓர் எழுத்து, பள்ளி எண் என ஆறு இடங்கள் கொண்ட குறியீடு. இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்ட பிறகு மற்ற வேலையைத் தொடங்குங்கள். பள்ளி இடம் மாறினாலோ, இரண்டு பள்ளிகள் இணைந்தாலோ குறியீடு மாறக்கூடும். ஐந்தாண்டு வரிசையில் ஓர் ஆண்டு மட்டும் காணாமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

'நகரப் பள்ளி' என்பதற்கும் அந்த மையம் வரையறை வைத்திருக்கிறது. நகரம் என்ற பிரிவில் குறியீடு 11 என்றால் இரண்டரை லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரம், 12 என்றால் ஒரு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சத்துக்குள், 13 என்றால் ஒரு லட்சத்துக்குக் கீழ். 11ஐயும் 13ஐயும் நேரடியாக ஒப்பிடுவது பெரும்பாலும் பயன் தராது.

எந்த நாளின் எண்ணிக்கை?

சேர்க்கை எண் என்பது ஒரு நாள் எடுத்த புகைப்படம். நியூயார்க், கலிபோர்னியா, மிச்சிகன் மாநிலங்களில் அக்டோபர் முதல் புதன்கிழமை எண்ணுகிறார்கள். மாசசூசெட்ஸில் அக்டோபர் 1. டெக்சஸில் அக்டோபர் கடைசி வெள்ளி. மிச்சிகனில் பிப்ரவரியில் இன்னொரு முறையும் எண்ணுவார்கள். பள்ளியின் இணையதளத்தில் இருக்கும் எண் ஆகஸ்டில் எழுதியதாக இருக்கலாம், ஜூனில் எழுதியதாகவும் இருக்கலாம். தேதி இல்லாத எண்ணை அட்டவணையில் ஏற்றாதீர்கள்.

அதற்குமேல் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இருப்பது சேர்க்கை. அன்றாடம் வகுப்பில் உட்கார்ந்திருப்பது வருகை. கலிபோர்னியாவும் டெக்சஸும் நிதி ஒதுக்கும்போது சராசரி தினசரி வருகையை அடிப்படையாகக் கொள்கின்றன. நம் கற்பனைப் பள்ளியில் வருகை 90 சதவீதம் என்றால் பதிவேட்டில் 312 பேர், ஆனால் காசு வருவது ஏறத்தாழ 281 பேருக்கு. அந்த 31 பேருக்கும் மேசை, புத்தகம், ஆசிரியர் நேரம் எல்லாம் தேவைதான். சின்னப் பள்ளியில் இந்த இடைவெளி மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர் ஒருவரின் பணியிடத்தையே விழுங்கிவிடக்கூடியது.

பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளை 'நாட்பட்ட வருகையின்மை' என்ற கணக்கில் சேரும். 180 நாள் பள்ளி என்றால் 18 நாள். காரணம் எதுவாக இருந்தாலும் சேரும், அனுமதி பெற்ற விடுப்பும் அடக்கம். டிசம்பரில் ஒரு மாதம் ஊருக்குப் போய்வரும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அக்டோபரில் 312, ஜூனில் 309 என்றால் மூன்று பேர்தான் போனார்கள் என்று அர்த்தமில்லை. 41 பேர் போய் 38 பேர் வந்திருக்கலாம். ஆண்டு முழுக்க வந்தவர், போனவர் எண்ணிக்கையைத் தனித்தனியாகக் கேளுங்கள். பள்ளி அலுவலகத்தில் சேர்ப்பும் நீக்கமும் குறியீட்டோடு பதிவாகியிருக்கும், பெயர்களை நீக்கிவிட்டுத் தொகையை மட்டும் கேட்டால் கொடுப்பார்கள். வாடகை உயர்வால் குடும்பங்கள் இடம்பெயரும் நகரங்களில் பள்ளியின் உண்மை நிலையை இந்த இரண்டு எண்கள்தான் சொல்லும்.

வகுப்புவாரியாகப் பிரித்துப் பாருங்கள்

மொத்த எண்ணிக்கை அதிகம் சொல்லாது. வகுப்புவாரி எண்ணிக்கையில்தான் விஷயம் இருக்கிறது. 98, 84, 70, 60 என்று படிக்கட்டு போலக் கீழே இறங்குவதைப் பார்த்ததும் 'நாற்பது பேர் படிப்பை நிறுத்திவிட்டார்கள்' என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அதற்கு மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, பல பள்ளி மாவட்டங்களில் வகுப்பு என்பது வயதைப் பொறுத்ததல்ல, சேர்த்த கிரெடிட்டை, அதாவது தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளிகளைப் பொறுத்தது. ஒன்பதாம் வகுப்பில் தேவையான கிரெடிட் சேராத பிள்ளை அடுத்த ஆண்டும் ஒன்பதிலேயே கணக்காகும். அதனால் 98 பேரில் 14 பேர் இரண்டாம் ஆண்டுக்காரர்களாக இருக்கலாம். 'முதல்முறை ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர் எத்தனை?' என்று தனியாகக் கேளுங்கள். இரண்டு, பள்ளி வளர்ந்துகொண்டிருக்கலாம், அப்போது கீழ் வகுப்புகள் பெரிதாக இருப்பது இயல்பு. மூன்றாவதாக, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மாறியிருக்கலாம். இவற்றை எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் இடைநிற்றல்.

இதைச் சரியாகப் பார்க்கக் குறுக்காகப் படிக்கக் கூடாது, மூலைவிட்டமாகப் படிக்க வேண்டும். அதாவது இந்த ஆண்டின் பத்தாம் வகுப்பை இந்த ஆண்டின் ஒன்பதோடு ஒப்பிடாமல், போன ஆண்டின் ஒன்பதோடு ஒப்பிடுங்கள். போன ஆண்டு ஒன்பதில் 102 பேர் இருந்து, இந்த ஆண்டு பத்தில் 84 பேர் இருந்தால் விகிதம் 0.82. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 101 பேரிலிருந்து 80, 104 பேரிலிருந்து 88 என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் விகிதம் 0.79, 0.85.

இப்போது பலரும் செய்வது, மூன்று விகிதங்களையும் கூட்டி மூன்றால் வகுப்பது. சின்னப் பள்ளியில் அதைவிட நல்லது, தலைகளைக் கூட்டிப் பிறகு வகுப்பது: 84, 80, 88 கூட்டினால் 252. 102, 101, 104 கூட்டினால் 307. 252ஐ 307ஆல் வகுத்தால் 0.82. இங்கே இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே விடைதான். ஆனால் ஓர் ஆண்டில் மட்டும் வகுப்பு 60 பேராகச் சுருங்கியிருந்தால், முதல் வழியில் அந்தச் சின்ன வகுப்பு தன் அளவுக்கு மீறிய எடை பெற்றுவிடும்.

அடுத்த ஆண்டுக்கான கணிப்பும் இதே விகிதங்களிலிருந்து வரும். 98 பேர் கொண்ட ஒன்பதிலிருந்து பத்துக்கு 80 பேர். பத்திலிருந்து பதினொன்றுக்கு விகிதம் 0.89 என்றால் 84 பேரிலிருந்து 75. பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு 0.91 என்றால் 70 பேரிலிருந்து 64. புதிய ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் வேறு வழி வேண்டும்: பிள்ளைகளை அனுப்பும் மிடில் ஸ்கூல்களின் எட்டாம் வகுப்புத் தொகையை எடுத்து, அதில் எத்தனை பங்கு இந்தப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பாக மாறியது என்று கடந்த ஆண்டுகளைப் பாருங்கள். அங்கே 640 பேர் இருந்து, மறுபடி அதே வகுப்பில் இருப்பவர்களையும் சேர்த்து 15 சதவீதம் என்றால் 96. மொத்தம் 315.

இந்த 315ஐ ஒற்றை எண்ணாக யாரிடமும் கொடுக்காதீர்கள். பத்தாம் வகுப்பின் கணிப்பு, மோசமான ஆண்டின் விகிதத்துக்கும் நல்ல ஆண்டின் விகிதத்துக்கும் இடையே 78லிருந்து 83 வரைதான் ஆடும். ஒன்பதாம் வகுப்பிலோ பங்கு 13 சதவீதம் ஆனால் 83 பேர், 17 ஆனால் 109 பேர். வித்தியாசம் 26 பிள்ளைகள், ஒரு முழு வகுப்பறை. நகரத்துச் சின்னப் பள்ளியின் நிச்சயமின்மை பெரும்பாலும் இந்த ஒரு வாசலில்தான் இருக்கிறது. பக்கத்தில் புதிய சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி) திறந்தாலோ, மாவட்டம் விண்ணப்பப் படிவத்தில் பள்ளிகளின் வரிசையை மாற்றினாலோ, பேருந்து வழி ஒன்று நின்றாலோ அடி விழுவது ஒன்பதாம் வகுப்பில்தான். எனவே குழுவின் நேரத்தை மேல் வகுப்புக் கணிப்பில் செலவிடுவதைவிட, மிடில் ஸ்கூல் கவுன்சிலர்களோடு பேசுவதில் செலவிடுவது மேல்.

இனக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது

பள்ளிப் படிவத்தில் நீண்ட காலமாக இரண்டு கேள்விகள் இருந்துவருகின்றன. முதலில், பிள்ளை ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா என்பது. அடுத்து, இனம் எது, ஒன்றுக்கு மேற்பட்டதையும் தேர்ந்தெடுக்கலாம் என்பது. இந்தப் பதில்களை ஏழு பெட்டிகளாகச் சுருக்கித்தான் அறிக்கை வரும்: ஹிஸ்பானிக், அமெரிக்கப் பழங்குடி அல்லது அலாஸ்கா பூர்வகுடி, ஆசியர், கறுப்பினத்தவர், ஹவாய் பூர்வகுடி அல்லது பசிபிக் தீவினர், வெள்ளையர், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனத்தவர்.

சுருக்கும் விதியில்தான் சிக்கல். முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் இரண்டாவது கேள்வியின் பதில் அறிக்கையில் மறைந்துவிடும். அப்பா தமிழர், அம்மா மெக்சிகோக்காரர் என்றால் பிள்ளை ஹிஸ்பானிக் பெட்டியில் மட்டுமே இருக்கும், ஆசியர் பெட்டியிலும் வராது, 'இரண்டு இனத்தவர்' பெட்டியிலும் வராது. பெற்றோர் படிவத்தை நிரப்பாமல் விட்டால் பெட்டி காலியாக இருக்காது, பள்ளி ஊழியரே பார்த்து ஒன்றைக் குறிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே படிவத்தை நீங்களே நிரப்புங்கள். உங்கள் பிள்ளை யார் என்பதை வேறொருவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய விடாதீர்கள்.

நம் பள்ளியில் ஹிஸ்பானிக் 140, கறுப்பினத்தவர் 106, ஆசியர் 34, வெள்ளையர் 22, இரண்டு இனத்தவர் 10 என்று வைத்துக்கொள்வோம். 'ஆசியர் 11 சதவீதம்' என்றதும் தமிழ்ப் பெற்றோர் மனத்தில் ஒரு படம் வரும். அந்த 34 பேரில் வங்கதேசம், சீனா, நேபாளம், பிலிப்பைன்ஸ், பர்மாவிலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் என யாரும் இருக்கலாம், இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒருவர்கூட இல்லாமலும் போகலாம். வெள்ளையர் 22 என்பதில் ஏமன், எகிப்துப் பிள்ளைகள் இருக்கலாம். பழைய வகைப்பாட்டில் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கக் குடும்பங்கள் வெள்ளையர் பெட்டிக்குள்தான் போயின. 2024 மார்ச்சில் மத்திய அரசு இந்த வரையறையை மாற்றியது. இரண்டு கேள்விகள் ஒன்றாகின்றன, மத்திய கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்கருக்குத் தனிப் பெட்டி வருகிறது. பள்ளிப் படிவங்கள் ஒரே நாளில் மாறுவதில்லை. மாறும் ஆண்டில் ஹிஸ்பானிக், வெள்ளையர், இரண்டு இனத்தவர் எண்கள் திடீரென்று ஏறி இறங்கும். பிள்ளைகள் மாறியிருக்க மாட்டார்கள், பெட்டிதான் மாறியிருக்கும். அட்டவணையில் அந்த ஆண்டுக்கு நேரே ஒரு கோடு போட்டு வையுங்கள்.

பெட்டிகளுக்குள் இருக்கும் வேறுபாட்டைக் காண நல்ல வழி, வீட்டுமொழிக் கணக்கு. சேர்க்கையின்போது ஒவ்வொரு குடும்பமும் வீட்டில் பேசும் மொழியை எழுதிக்கொடுக்கிறது. அதன் தொகையைப் பள்ளியிடம் கேளுங்கள்.

பன்மைத்தன்மையை ஒரே எண்ணில் சொல்ல வேண்டுமென்றால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வேறு வேறு பெட்டியைச் சேர்ந்தவர்களாக இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடலாம். ஒவ்வொரு பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, 1லிருந்து கழியுங்கள். நம் பள்ளிக்கு 0.67 வரும். ஐந்து பெட்டிகளும் சமமாக இருந்தால் 0.80 வரும். இந்த எண் எவ்வளவு கலப்பு என்று மட்டும் சொல்லும், யார் யார் என்று சொல்லாது. 90 சதவீதம் வெள்ளையர் படிக்கும் பள்ளிக்கும் 90 சதவீதம் கறுப்பினத்தவர் படிக்கும் பள்ளிக்கும் ஏறத்தாழ ஒரே எண்தான் கிடைக்கும்.

மதிய உணவும் ஏழ்மைக் கணக்கும்

இதில் ஏமாறாதவர்கள் குறைவு. குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவச மதிய உணவு, 185 சதவீதத்துக்குள் இருந்தால் சலுகை விலை. படிவம் நிரப்பித் தகுதி பெற்ற பிள்ளைகளின் பங்கையே ஏழ்மைச் சதவீதமாகப் பல காலம் எடுத்துக்கொண்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் அந்தப் படிவம் திரும்பி வருவதே கடினம். பதினைந்து வயதுப் பிள்ளை அதை வீட்டுக்கே கொண்டுபோகாது. அதனால் அதே தெருவிலுள்ள தொடக்கப் பள்ளியைவிட உயர்நிலைப் பள்ளி வசதியானது போலத் தோன்றும். அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

2010இல் வந்த சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. 2014-15 முதல் நாடு முழுவதும், ஏழ்மை மிகுந்த பள்ளிகள் யாரிடமும் படிவம் வாங்காமல் எல்லாருக்கும் இலவச உணவு தரலாம். உணவு உதவித் திட்டம் போன்றவற்றில் ஏற்கனவே பதிவானதால் நேரடியாகத் தகுதி பெறும் பிள்ளைகள் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்றிருந்தது. 2023இல் அது 25 சதவீதமாகக் குறைந்தது. இப்படிச் சேர்ந்த பள்ளிக்கு எதிரே சில தளங்களில் '100 சதவீதம் ஏழை மாணவர்' என்று இருக்கும். அங்கே எல்லாருக்கும் சாப்பாடு இலவசம் என்பதுதான் அதன் பொருள்.

நீங்கள் தேட வேண்டியது 'நேரடித் தகுதி' சதவீதம். அரசு அதை 1.6ஆல் பெருக்கித்தான் உணவுக்கான முழு மானிய அளவை முடிவு செய்கிறது. 62.5 சதவீதம் நேரடித் தகுதி என்றாலே பெருக்கத்தில் 100 வந்துவிடும். இரண்டு பள்ளிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் இதே எண்ணை வையுங்கள். ஒன்றுக்குப் படிவக் கணக்கு, மற்றதற்கு நேரடித் தகுதிக் கணக்கு என்று கலக்கக் கூடாது. நேரடித் தகுதியிலும் ஒரு குறை உண்டு. குடியேற்ற நிலை காரணமாக உணவு உதவித் திட்டத்தில் சேர முடியாத, அல்லது பயந்து சேராத குடும்பங்களின் பிள்ளைகள் அதில் வரமாட்டார்கள். புதிதாக வந்த குடும்பங்கள் மிகுந்த பள்ளியில் உண்மை ஏழ்மை, தாளில் இருப்பதைவிட அதிகம்.

இதை ஒட்டி ஒரு செய்தி, தெரிந்திருக்க வேண்டியது. ஆவணங்கள் இல்லாத பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு என்று 1982இல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டு முகவரிக்கும் வயதுக்கும் தடுப்பூசிக்கும் சான்று கேட்கலாம். அந்தத் தீர்ப்பின் காரணமாகவே, சேர்க்கையை மறுக்கும் நோக்கில் குடியேற்ற நிலையைக் கேட்க முடியாது.

ஆங்கிலம் கற்போர், சிறப்புக் கல்வி

ஆங்கிலம் கற்போர் எண்ணிக்கை ஒரு வினோதமான எண். நன்றாகக் கற்றுத் தேர்வில் தேறிய பிள்ளை அந்தக் கூட்டத்திலிருந்து வெளியேறிவிடும். ஆகவே பள்ளி எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குழு சுருங்கும், மிஞ்சியவர்களின் மதிப்பெண் சராசரி குறைவாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பள்ளியைக் குறை சொல்வது அநியாயம். இப்போது கற்போர், முன்பு கற்று வெளியேறியவர் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வந்து ஓராண்டு ஆனவர்கள் எத்தனை பேர், ஆறு ஆண்டுக்கு மேலும் இதே நிலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதும் வேண்டும். இரு சாராருக்கும் தேவைப்படுவது வேறு வேறு ஆசிரியர்கள்.

சிறப்புக் கல்வியில் தனிநபர் கல்வித் திட்டம் (குறைபாடுள்ள பிள்ளைக்கென்று தனியாக எழுதும் சிறப்புக் கற்பித்தல் திட்டம்) பெற்ற பிள்ளைகளின் பங்கு நாட்டளவில் சுமார் 15 சதவீதம். சிறப்புக் கற்பித்தல் இல்லாமல், குறைபாட்டுக்கேற்ற வசதிகளை மட்டும் பெறும் '504 திட்டப்' பிள்ளைகள் அதில் சேரமாட்டார்கள்.

பட்டம் பெற்றவர் விகிதம்: காகிதம் செய்யும் வேலை

நான்காண்டு விகிதம் ஒன்பதாம் வகுப்பில் முதல்முறை சேர்ந்தவர்களிலிருந்து தொடங்குகிறது. பிறகு வந்து சேர்ந்தவர்களைக் கூட்டி, வேறு பள்ளிக்கு மாறியவர், நாட்டை விட்டுப் போனவர், இறந்தவர் ஆகியோரைக் கழிப்பார்கள். நான்காண்டுக்குள் பட்டம் பெற்றவர்களை அந்த எண்ணிக்கையால் வகுப்பார்கள். கழிப்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும். புதிய பள்ளி பதிவேடு கேட்டு அனுப்பிய கடிதம் போன்ற ஏதாவது ஒன்று. 'ஊருக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்' என்பது செல்லாது. சான்று இல்லையென்றால் அந்தப் பிள்ளை பட்டம் பெறாதவராகவே இருந்துவிடும்.

60 பேர் கொண்ட குழுவில் 40 பேர் பட்டம் பெற்றால் 66.7 சதவீதம். மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பட்டம் பெறாத உயர்நிலைப் பள்ளிகளை, 2015இன் மத்தியக் கல்விச் சட்டப்படி மாநிலம் விரிவான சீரமைப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்த 20 பேரில் மூவர் பக்கத்து மாநிலத்தில் படித்துக்கொண்டிருப்பதற்கான கடிதம் கையில் இருந்திருந்தால், 40ஐ 57ஆல் வகுத்து 70.2. மூன்று காகிதங்கள் ஒரு பள்ளியின் தலையெழுத்தை மாற்றுகின்றன. எனவே ஒவ்வொரு மாதமும் விலகியவர் பட்டியலை எடுத்து, சான்று இல்லாத பெயர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். கோடையில் போனவர்களை அக்டோபருக்குள் தேடினால் கிடைப்பார்கள், நான்கு ஆண்டு கழித்துக் கிடைக்கமாட்டார்கள்.

பதினேழு வயதில் நாட்டுக்கு வந்த பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியலைக் கொண்டு பத்தாம் வகுப்பில் சேர்த்தால் பட்டத்துக்கு மூன்றே ஆண்டு, ஒன்பதில் சேர்த்தால் நான்கு. வந்த பட்டியலைப் பார்த்து எவ்வளவு கிரெடிட் கிடைக்கும் என்று கணக்கிட்ட பிறகே வகுப்பை முடிவு செய்ய வேண்டும். புதியவர்கள் மிகுந்த பள்ளியில் ஐந்தாண்டு, ஆறாண்டு விகிதங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் நியாயமாக இருக்கும்.

நட்சத்திரக் குறியும் ஆடும் எண்களும்

அட்டவணையில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரம் இருந்தால் அந்தக் குழு மிகச் சின்னது, எண்ணை வெளியிட்டால் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும் என்று பொருள். மாணவர் பதிவேடுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் மத்தியச் சட்டம் 1974லிருந்து இருக்கிறது. எத்தனை பேருக்குக் கீழே மறைப்பது, எத்தனை பேர் இருந்தால் குழுவாகக் கணக்கிடுவது என்பதை மாநிலம் தீர்மானிக்கும், பெரும்பாலும் 10 முதல் 30 வரை. மொத்தத்திலிருந்து மற்ற குழுக்களைக் கழித்து மறைத்த எண்ணைக் கண்டுபிடிக்க முடிந்தாலும், அதைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். நான்கு பிள்ளைகள் கொண்ட குழுவின் தேர்ச்சி விகிதத்தைச் சொல்வதும் பெயரைச் சொல்வதும் ஒன்றுதான்.

மறைக்காத எண்களும் ஆடும். 20 பேர் குழுவில் ஒரு பிள்ளை 5 புள்ளி. 'போன ஆண்டு 60, இந்த ஆண்டு 70, நல்ல முன்னேற்றம்' என்றால் இரண்டு பிள்ளைகள் கூடுதலாகத் தேறினார்கள், அவ்வளவுதான். மூன்று ஆண்டுத் தலைகளைக் கூட்டியே விகிதம் போடுங்கள். தேர்வில் 95 சதவீதம் பேர் கலந்துகொள்ள வேண்டும் என்ற விதியும் இங்கே கடுமையானது. 70 பேர் கொண்ட பதினொன்றாம் வகுப்பில் மூவர் வராவிட்டால் 95.7, நால்வர் வராவிட்டால் 94.3. ஒரு காய்ச்சல் போதும்.

ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்?

312 பேருக்கு 21 ஆசிரியர்கள் என்றால் ஆசிரியருக்கு 15 பேர் என்று தளம் காட்டும். பிள்ளை போய் உட்காரும் வகுப்பில் 15 பேர் இருப்பதில்லை. பிள்ளைக்கு ஒரு நாளில் 7 பாடவேளை, ஆசிரியர் எடுப்பது 5 என்று வைத்துக்கொள்வோம். எனவே சராசரி வகுப்பு 15ஐ 7ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தது, ஏறத்தாழ 21. அந்த 21 ஆசிரியர்களில் ஐந்து பேர் சிறப்புக் கல்விக்கும் ஆங்கிலம் கற்போருக்கும் துணை ஆசிரியர்களாக வகுப்புக்குள் வருபவர்கள் என்றால், தனி வகுப்பு நடத்துவோர் 16. கணக்கு 27க்குப் போகும். பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது பத்தாம் வகுப்புக் கணிதத்தில் எத்தனை பேர் என்று நேரடியாகக் கேளுங்கள். இயற்பியலும் கால்குலஸும் ஆண்டுதோறும் உண்டா, ஒன்றுவிட்ட ஆண்டில்தானா என்றும் கேளுங்கள். பன்னிரண்டில் 60 பேர் மட்டும் இருக்கும் பள்ளியில் உயர்நிலைப் பாடத்துக்கு எட்டுப் பேர் சேர்ந்தால் அந்த வகுப்பை நடத்த ஆள் ஒதுக்குவது சிரமம்.

அக்கம்பக்கத்தோடு ஒப்பிடும்போது

'இந்தப் பகுதியில் பாதிப் பேர் வெள்ளையர், பள்ளியில் மட்டும் 7 சதவீதமா?' என்ற கேள்வி அடிக்கடி வரும். பகுதியின் மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தெரியும். பிள்ளை இல்லாத இளைஞர்களும் முதியவர்களும் அதில் இருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பின் ஐந்தாண்டு மாதிரி ஆய்விலிருந்து 15 முதல் 17 வயதினரை மட்டும் எடுங்கள். அதற்குப் பக்கத்தில் பிழை வரம்பு இருக்கும். சின்ன வட்டாரத்தில் மதிப்பீடு 120, வரம்பு கூட்டியோ கழித்தோ 60 என்று வந்தால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள், பக்கத்து வட்டாரங்களைச் சேர்த்துப் பெரிதாக்குங்கள்.

நகரம் முழுவதும் எந்தப் பள்ளிக்கும் விண்ணப்பிக்கலாம் என்ற ஊரில் இந்த ஒப்பீடே பொருந்தாது. அங்கே சரியான அளவுகோல், விண்ணப்பித்தவர்கள் யார், இடம் கிடைத்தவர்கள் யார், வந்து சேர்ந்தவர்கள் யார் என்ற மூன்று படிகள். எந்தப் படியில் ஒரு குழு குறைகிறது என்று பாருங்கள். விண்ணப்பமே வரவில்லை என்றால் செய்தி போய்ச் சேரவில்லை. இடம் கிடைத்தும் வரவில்லை என்றால் பயண தூரம், பாதுகாப்பு, வேறு நல்ல வாய்ப்பு என ஏதோ ஒன்று தடுக்கிறது.

ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பக்க அட்டவணை போதும். ஐந்து ஆண்டுகளுக்கு ஐந்து நெடுவரிசை. கிடைவரிசைகளில் வகுப்புவாரி எண்ணிக்கை, முதல்முறை ஒன்பதாம் வகுப்பினர், ஆண்டில் வந்தவர், போனவர், ஏழு இனப் பெட்டிகள், நேரடித் தகுதி, ஆங்கிலம் கற்போர், வெளியேறியவர், சிறப்புக் கல்வி, பட்டம் பெற்றவரும் அவர்களது குழுவின் அளவும். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் தலைக்கணக்கு, அதற்குப் பிறகு அடைப்புக்குள் சதவீதம். நெடுவரிசைத் தலைப்பில் எண்ணிய தேதி, அடியில் எந்த அட்டவணையிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு. வகுப்புவாரித் தொகையும் இனவாரித் தொகையும் ஒரே மொத்தத்துக்கு வருகின்றனவா என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். வராவிட்டால் இரண்டும் வெவ்வேறு நாளில் எடுத்தவை, அல்லது எங்கோ நட்சத்திரம் மறைந்திருக்கிறது.

மாநிலத் தளத்தில் புதிய எண்கள் பொதுவாக மத்தியத் தளத்தைவிட முன்னதாக வரும். முதலில் மாநில எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், மத்திய எண் வந்ததும் சரிபார்த்து மையால் எழுதுங்கள். இரண்டும் ஒன்றிரண்டு தலைகள் வேறுபட்டால் கவலை வேண்டாம். பத்துக்கு மேல் வேறுபட்டால் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எந்தத் தேதியின் பட்டியல் என்று கேட்டுப் பெற்று, அந்தப் பதிலையும் அட்டவணையோடு சேர்த்து வையுங்கள்.